பழைய டீசல் பிக்கப்: அறிகுறியை வைத்துப் பழுதைக் கண்டுபிடிப்பது எப்படி?

பொலிரோ பிக்கப், கேம்பர், டாடா 207 போன்ற வண்டிகளில் கம்ப்யூட்டர் இல்லாத பழைய மாடல்களை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த வண்டிகள் தங்கள் நோயை மறைப்பதில்லை. புகை, சத்தம், பெடல், மீட்டர் முள் என்று ஏதோ ஒரு வழியில் சொல்லிவிடும். நாம்தான் அதைக் கேட்காமல் நேராக ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய்விடுகிறோம். பேட்டரியை மாற்றி, செல்ஃப் மோட்டாரை மாற்றி, கடைசியில் துருப்பிடித்த ஒரு எர்த் ஒயர்தான் காரணம் என்று தெரிய வரும்போது, போன பணம் திரும்புவதில்லை. அளந்து பார்க்காமல் எந்தப் பார்ட்டையும் வாங்காதீர்கள். பழுது தீராத வண்டியில் எந்த அப்கிரேடும் செய்யாதீர்கள். கீழே உள்ள எல்லாமே இந்த இரண்டையும் ஒட்டித்தான்.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு சாதாரண மல்டிமீட்டர், 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், ஒரு அடி நீளத்துக்கு டீசல் தாங்கும், உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் டியூப், ஸ்பேனர் செட், இரண்டு நல்ல ஜாக்கி ஸ்டாண்டு. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுக்கவே கூடாது. அது விரிசல் விட்டு எச்சரிக்காது, ஒரே நொடியில் நொறுங்கிவிடும்.

காமன் ரெயில் (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் மிக அதிக அழுத்தத்தில் டீசல் தெளிக்கும் முறை) வந்த பிறகான வண்டி வைத்திருப்பவர்கள் டீசல் லைன் பற்றிய பகுதியை ('செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை') விட்டுவிடுங்கள். அந்த லைனில் ஆயிரம் பாருக்கு மேல் அழுத்தம் இருக்கும். வீட்டில் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் வேலை அதற்கு ஆகாது.

சாவியைத் திருப்பினால் 'டக்' என்கிறது, செல்ஃப் எடுக்கவில்லை

முதலில் பேட்டரியை அளக்கவும். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் வேறு எதையும் யோசிக்காமல் முதலில் சார்ஜ் போடுங்கள். சார்ஜ் ஏறிய பேட்டரியில், ஒருவர் சாவியைத் திருப்பும்போது மீட்டர் 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்திருக்கிறது, அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மேல் கரண்ட் இழுக்கிறது.

'டக்' சத்தம் வந்தும் மீட்டர் 12-ஐ விட்டு இறங்கவில்லை என்றால் கதை வேறு. பேட்டரியில் கரண்ட் இருக்கிறது, மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை. இந்த இடத்தில்தான் பெரும்பாலும் நல்ல பேட்டரி தூக்கி எறியப்படுகிறது. மீட்டரின் சிவப்பு முனையை எஞ்சின் பிளாக்கில் சுத்தமான இரும்பில் வையுங்கள். கருப்பு முனையை பேட்டரியின் மைனஸ் ஈயக் கட்டையிலேயே வையுங்கள், அதன் மேல் மாட்டியிருக்கும் கிளாம்பில் அல்ல. ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையில் தடை இருக்கிறது. அதே போல பேட்டரி பிளஸ் கட்டைக்கும் செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கும் இடையில் அளந்தால் பிளஸ் பக்கம் தெரிந்துவிடும்.

மீன் லோடு அடிக்கும் வண்டிகளில் இந்தப் பழுது அடிக்கடி வரும். நாகப்பட்டினம், ராமேஸ்வரம் பக்கம் ஓடும் வண்டிகளைக் கவனித்தால் தெரியும். ஐஸ் கரைந்த உப்புத் தண்ணீர் பாடியின் பலகை இடுக்கு வழியாகச் சேஸிஸில் வடியும். எர்த் ஒயர் போல்ட், கமான் பட்டை, பிரேக் பைப் என்று எல்லாவற்றையும் அது தின்றுவிடும். எர்த் ஒயரைக் கழற்றி, போல்ட் உட்காரும் இடத்தில் பெயிண்டும் துருவும் போய் இரும்பு பளபளக்கும்வரை எமரி போட்டுத் தேய்த்து, ஸ்ப்ரிங் வாஷரோடு இறுக்கி, இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள். முன்னாலேயே கிரீஸ் பூசி மாட்டக் கூடாது.

இந்த வேலையோடு இன்னொன்றையும் செய்துவிடலாம். 25 அல்லது 35 சதுர மி.மீ. கேபிள் ஒன்றை பேட்டரி மைனஸிலிருந்து நேராக கியர்பாக்ஸ் போல்ட்டுக்குக் கொண்டுபோய் இறுக்குங்கள். பழைய பிக்கப்புக்குச் செய்யக்கூடிய அப்கிரேடுகளில் இதைத்தான் நான் முதலிடத்தில் வைப்பேன். பார்க்கப் பகட்டாக இருக்காது, ஆனால் அடுத்த பல வருடங்களுக்கு செல்ஃப் தொல்லை குறையும்.

இரண்டு பக்கமும் சரியாக இருந்தும் 'டக்' மட்டும் வந்தால் சாலினாய்டு காண்டாக்ட் அல்லது கார்பன் தேய்ந்திருக்கும். மோட்டாரைக் கழற்றி ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். கழற்றுவதற்கு முன் பேட்டரி மைனஸை எடுத்துவிடுங்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் சைலன்சரைப் பாருங்கள். புகையே இல்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, தீப்பிடிக்கவில்லை.

புகை இல்லாத கேஸில், ரோட்டரி பம்ப் வண்டியானால் பம்பின் மேல் இருக்கும் ஸ்டாப் சாலினாய்டில் விரல் வைத்து சாவியை ஆன் செய்யுங்கள். சின்னதாக ஒரு துடிப்பு தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்த ஒயருக்கு 12 வோல்ட் வருகிறதா என்று டெஸ்ட் லேம்ப் வைத்துப் பாருங்கள். இழுத்து நிறுத்தும் கேபிள் உள்ள வண்டியில், கேபிள் இறுகிப்போய் ஸ்டாப் லீவர் பாதியிலேயே நிற்கும். கையால் தள்ளிப் பார்த்தாலே தெரியும்.

அது சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் காற்று. சாயங்காலம் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆன வண்டி, காலையில் நீண்ட நேரம் செல்ஃப் அடித்தால்தான் பிடிக்கிறது என்றால், இரவில் லைனுக்குள் காற்று புகுந்து டீசல் டேங்குக்கே திரும்பிவிடுகிறது. வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது. டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை இருப்பது உறிஞ்சும் பக்கம், அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். அதனால்தான் பலரால் இதைக் கண்டுபிடிக்க முடிவதில்லை.

கண்டுபிடிக்க அந்த உள்ளே தெரியும் டியூப் போதும். ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையில் அதை மாட்டி வண்டியை ஓடவிட்டுப் பாருங்கள். குமிழி வரிசையாக ஓடினால் காற்று வருகிறது. பிறகு டியூபை ஒவ்வோர் இடமாக டேங்க் பக்கம் நகர்த்துங்கள். ஃபில்டருக்கு டேங்க் பக்கத்திலும் குமிழி இருந்தால் பழுது இன்னும் டேங்க் பக்கம். ஃபில்டருக்கு டேங்க் பக்கத்தில் இல்லை, பம்ப் பக்கத்தில் இருக்கிறது என்றால் ஃபில்டர் மூடியின் வாஷர்தான். வழக்கமாகத் தவறு செய்யும் இடங்கள்: பான்ஜோ போல்ட்டின் (டீசல் பைப்பை மாட்டும், நடுவில் துளையுள்ள போல்ட்) செம்பு வாஷர், வெடித்துப்போன ரப்பர் ஹோஸ், கைப் பம்பின் சீல், இன்ஜெக்டர்களுக்கு மேல் ஓடும் மெல்லிய ரிட்டர்ன் ஹோஸ். செம்பு வாஷரைத் திரும்பத் திரும்பப் போடாதீர்கள், ஒருமுறை நசுங்கியது மறுமுறை அடைக்காது.

பழுதைச் சரிசெய்த பின் ஏர் எடுக்க வேண்டும். ஃபில்டர் தலையில் உள்ள பிளீட் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி இல்லாத டீசல் வரும்வரை கைப் பம்பை அழுத்தி, ஒழுகிக்கொண்டிருக்கும்போதே ஸ்க்ரூவை இறுக்குங்கள். அப்படியும் பிடிக்காவிட்டால் இன்ஜெக்டர் பக்கத்து பைப் நட்டை ஒரு சுற்று தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் எட்டிப்பார்த்ததும் இறுக்க வேண்டும். அந்த நேரத்தில் கையை அங்கே கொண்டுபோகாதீர்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். இன்ஜெக்டர் அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்திய மாதிரி சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். பட்டுவிட்டால் வலிக்காவிட்டாலும் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வெள்ளைப் புகை வந்தும் பிடிக்காவிட்டால் முதலில் செல்ஃப் சுற்றும் வேகத்தைக் கவனியுங்கள். மெதுவாகச் சுற்றினால் டீசல் தீப்பிடிக்கும் அளவுக்குக் காற்று சூடாகாது. மேலே சொன்ன எர்த் வேலை இங்கேயும் உதவும். ஹீட்டர் பிளக் உள்ள வண்டியானால் பிளக்கின் ஒயரைக் கழற்றிவிட்டு, மீட்டரில் ஓம் வைத்து பிளக் முனைக்கும் பிளாக்குக்கும் இடையில் அளக்கவும். ஒரு ஓம் அளவில் காட்டினால் நல்லது, ஒன்றுமே காட்டாவிட்டால் எரிந்துவிட்டது. சமவெளியில் ஒரு பிளக் போனாலும் யாருக்கும் தெரியாது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மார்கழிக் காலையில்தான் தெரியும்.

ஏற்றத்தில் இழுவை இல்லை

இங்கேயும் சைலன்சரைத்தான் பார்க்க வேண்டும். இழுவை குறைந்து புகையும் இல்லை என்றால் டீசல் போதவில்லை. இழுவை குறைந்து கருப்புப் புகை கக்கினால் காற்று போதவில்லை. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது.

டீசல் போதாத கேஸில்: ஃபில்டர், டேங்கினுள் இருக்கும் சல்லடை, ஆக்சிலேட்டர் கேபிள். பெடலை முழுவதும் மிதிக்கச் சொல்லி, பம்பின் லீவர் கடைசிவரை போகிறதா என்று நேரில் பாருங்கள். கேபிள் இழுபட்டு முக்கால்வாசியில் நிற்பது சகஜம். டேங்க் மூடியைத் திறந்ததும் 'புஸ்' என்று காற்று உள்ளே இழுத்து, அதன்பின் வண்டி நன்றாகப் போனால் டேங்கின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது.

கருப்புப் புகை கேஸில்: ஏர் ஃபில்டர், டர்போவிலிருந்து இன்டேக்குக்குப் போகும் ரப்பர் ஹோஸ். ஹோஸின் அடிப்பக்கத்து வெடிப்பு மேலிருந்து தெரியாது, கழற்றி வளைத்துப் பாருங்கள். இவை சரியாக இருந்தால்தான் இன்ஜெக்டரைச் சந்தேகிக்க வேண்டும். 'பம்பில் டீசலை ஏற்றிவிட்டால் பிக்கப் வரும்' என்று சொல்பவர்கள் இருப்பார்கள். காற்று ஏறாமல் டீசலை மட்டும் ஏற்றினால் கருப்புப் புகையும் சூடும்தான் ஏறும். பிஸ்டன் தலை அந்தச் சூட்டைத் தாங்காது.

நீலப் புகை ஆயில் எரிவது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் வால்வு சீல். தொடர்ந்து வந்தால், வண்டி ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வையுங்கள். புகைபோக்கி மாதிரி காற்று அடித்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. அங்கே அமைதியாக இருந்து, டர்போ ஹோஸுக்குள் ஆயில் தேங்கியிருந்தால் டர்போவைப் பார்க்க வேண்டும். மலை ஏறி வந்து நிறுத்தியதும் சாவியை அணைக்காமல் ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விடும் பழக்கம் டர்போவின் ஆயுளைக் கூட்டும்.

எஞ்சின் சூடேறுகிறது

எப்போது ஏறுகிறது என்பது முக்கியம். டிராஃபிக்கில் நிற்கும்போது ஏறி, ஓட ஆரம்பித்தால் இறங்கினால் ஃபேன் சரியில்லை. விஸ்கஸ் கப்ளிங் (சூட்டுக்கு ஏற்ப ஃபேனைப் பிடித்துச் சுற்றும் இணைப்பு) உள்ள வண்டியில், சூடான எஞ்சினை அணைத்துவிட்டு ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையே இல்லாமல் சுழன்றால் கப்ளிங் போய்விட்டது.

நெடுஞ்சாலையிலோ லோடோடு ஏற்றத்திலோ ஏறினால் ரேடியேட்டர். வைக்கோல், நெல் ஏற்றும் வண்டிகளில் தூசியும் சுனையும் தகடுகளுக்கு நடுவே அப்பிக்கொள்ளும். எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், வாட்டர் சர்வீஸ் பிரஷரில் அடித்தால் தகடு மடங்கிவிடும். போர்வெல் தண்ணீரை ஊற்றிப் பழகிய வண்டியில் உள்ளே உப்புப் படிந்திருக்கும். அதைச் சுத்தம் செய்தபின் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி ஊற்றுங்கள்.

தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிப் போட்டுவிடுவது நம் பட்டறைகளில் ஊறிய பழக்கம். இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். வால்வு இல்லாத எஞ்சின் உரிய சூட்டுக்கு வர நேரம் பிடிக்கும், டீசல் அதிகம் குடிக்கும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். பைபாஸ் வழி உள்ள எஞ்சினில் அந்த வழி எப்போதும் திறந்தே கிடப்பதால், ரேடியேட்டருக்குப் போக வேண்டிய தண்ணீரில் ஒரு பங்கு அங்கே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். வால்வு கெட்டுவிட்டதா என்று அறிய, அதைக் கொதிக்கும் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். திறக்காவிட்டால் புதியது போடுங்கள்.

தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது, ஒழுகல் எங்கும் இல்லை, காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததுமே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகுகிறது, மூடியைத் திறந்து வைத்து ஓட்டினால் குமிழி வந்துகொண்டே இருக்கிறது: இவை சேர்ந்து வந்தால் ஹெட் கேஸ்கட். அதற்கு மேல் ஓட்ட வேண்டாம். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவும் வேண்டாம்.

பிரேக் பெடல்

பெடல் கல் மாதிரி இறுகியிருந்தால், மிதிக்க உதவும் பூஸ்டருக்கு வேக்குவம் (காற்று உறிஞ்சல்) இல்லை. எஞ்சினை அணைத்து, பெடலை ஐந்தாறு முறை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் சற்றுக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் ஹோஸ், ஒருவழி வால்வு, வேக்குவம் பம்ப் என்று பின்னோக்கிப் போங்கள். பல டீசல் வண்டிகளில் வேக்குவம் பம்ப் டைனமோவின் முதுகிலேயே இருக்கும். ஆகவே ஓடும்போது சார்ஜ் லைட் எரிந்தால் அது பேட்டரிப் பிரச்சினை என்று வீடுவரை ஓட்டாதீர்கள். பெல்ட் அறுந்திருந்தால் சார்ஜோடு பிரேக்கின் உதவியும் போய்விடும்.

பெடல் மெத்தென்று போய், இரண்டு மூன்று முறை அடித்தால் நிமிர்ந்தால், காற்று இருக்கிறது அல்லது பின் டிரம்மில் ஷூ இடைவெளி கூடிவிட்டது. மிதித்து வைத்திருக்கும்போதே மெல்லமெல்ல அமிழ்ந்தால், வெளியே ஒழுகலும் இல்லை என்றால், மாஸ்டர் சிலிண்டர். ஏர் எடுக்கும்போது தூரத்திலிருந்து தொடங்குங்கள்: இடது பின், வலது பின், இடது முன், வலது முன். ஆயில் டாட் 3 அல்லது டாட் 4, மூடியில் எழுதியிருப்பதுதான். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், எனவே திறந்து வைத்த பழைய பாட்டிலைப் பயன்படுத்தக் கூடாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். டிரம்மைத் திறக்கும்போது தூசியை வாயால் ஊதாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள்.

பிரேக் மிதித்தால் இண்டிகேட்டரும் மினுங்குகிறது, ஹெட்லைட் மங்கல்

முதலாவது, பின் விளக்கின் எர்த். தனக்குரிய எர்த் வழி அடைபட்டதால் கரண்ட் பக்கத்து பல்பின் வழியாக வெளியேறுகிறது. ஒயரிங் கிட் மாற்றத் தேவையில்லை, விளக்குக்கும் சேஸிஸுக்கும் புதிதாக ஒரு ஒயர் போட்டால் தீரும்.

ஹெட்லைட் மங்கலுக்கு எல்லோரும் அதிக வாட் பல்பு போடுகிறார்கள். போடுவதற்கு முன் எஞ்சின் ஓடும்போது பேட்டரியிலும், எரியும் பல்பின் பின்னிலும் வோல்ட் அளந்து பாருங்கள். பேட்டரியில் 13.8 இருக்க, பல்பில் 11.5 என்றால், வெளிச்சம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்ட்டைவிடப் பல மடங்கு வேகமாகக் குறையும். பழைய ஸ்விட்சும் மெல்லிய ஒயரும்தான் மீதியைத் தின்கின்றன. அதே ஒயரில் 100 வாட் பல்பைப் போட்டால் ஸ்விட்ச் உருகும்.

சரியான வழி ரிலே, அதாவது சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டை ஆன் செய்யும் ஸ்விட்ச். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று. பேட்டரியிலிருந்து 2.5 சதுர மி.மீ. ஒயரை எடுத்து, பேட்டரிக்கு அருகிலேயே 20 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு ரிலேயில் 30 என்று எண் போட்ட முனையில் கொடுங்கள். 87-இலிருந்து இரண்டு பல்புக்கும். பழைய ஹெட்லைட் ஒயர் 86-க்கு, 85 எர்த்துக்கு. பல்பின் எர்த்தையும் அதே தடிமனில் புதிதாக இழுங்கள். 55 வாட் பல்பு இரண்டும் சேர்ந்து சுமார் 9 ஆம்பியர்தான் இழுக்கும், 30 ஆம்பியர் ரிலே தாராளம். கம்பெனி வாட் பல்பிலேயே இரவு நன்றாகத் தெரியும், எதிரே வருபவரின் கண்ணும் கூசாது.

கிளட்ச் விடும்போது அடியில் 'டங்'

கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் ஷாஃப்ட்டின் மூட்டான கிராஸ்தான் முதல் சந்தேகம். சக்கரத்துக்குக் கட்டை வைத்து, நியூட்ரலில் ஷாஃப்ட்டைக் கையால் முறுக்கி ஆட்டுங்கள். கிராஸில் ஆட்டம் தெரியும், அல்லது கப்பின் ஓரத்தில் சிவப்புத் தூள் இருக்கும். கழற்றும் முன் இரண்டு பிளேன்ஜிலும் பெயிண்டால் கோடு போட்டு, அதே கோட்டில் மாட்டுங்கள். வேகத்தில் அதிர்வு என்றால் நடு பேரிங்கின் ரப்பரையும் பாருங்கள். கியர் விழும்போது கரகரப்பு இருந்தால் கிளட்ச் பிளேட்டைச் சந்தேகிக்கும் முன் ஸ்லேவ் சிலிண்டரின் (கிளட்ச்சைத் தள்ளும் சின்ன சிலிண்டர்) ரப்பர் உறையைத் தூக்கிப் பாருங்கள், உள்ளே ஈரமாக இருந்தால் அங்கேதான் ஒழுகல்.

லோடு ஏற்றினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது

அனுமதித்த எடைக்குள் ஏற்றியும் உட்கார்ந்தால் கமான் தளர்ந்துவிட்டது. உடைந்த பட்டை இருக்கிறதா, ஷேக்கிள் புஷ் தேய்ந்ததா, செண்டர் போல்ட் அறுந்ததா என்று பார்த்து, கமானை வளைவு ஏற்றுங்கள் அல்லது அதே அளவில் புதியது போடுங்கள். யு போல்ட்டைப் புதிதாகப் போட்டு, லோடோடு கொஞ்ச தூரம் ஓடியதும் மறுபடி இறுக்குங்கள்.

எக்ஸ்ட்ரா பட்டை சேர்ப்பதைப் பற்றி யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. பல பிக்கப்களில் பின் ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் இடையே ஒரு கம்பி மூலம் பிரேக் வால்வு ஒன்று இணைந்திருக்கும். லோடில் சேஸிஸ் தாழ்ந்தால் பின் சக்கரத்துக்குப் பிரேக் அழுத்தத்தைக் கூட்டும், காலியாக இருந்தால் குறைக்கும். பட்டை சேர்த்ததும் சேஸிஸ் உயர்ந்தே நிற்கும். வண்டி காலி என்று நினைத்து, முழு லோடிலும் அந்த வால்வு பின் பிரேக்கைக் குறைத்துக் கொடுக்கும். அதிக எடையும் குறைந்த பிரேக்கும் ஒன்றாகச் சேர்வது உயிரோடு விளையாடுவது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவும் வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றுவதைத் தடுக்கிறது. எட்டு வருடம் கடந்த சரக்கு வண்டிக்கு எஃப்.சி. ஆண்டுதோறும் என்பதால் கேள்வி வருடா வருடம் வரும்.

பெரிய டயர் போட்ட பிறகு இழுவை குறைந்தது

215/75 ஆர்15 இருந்த இடத்தில் 235/75 ஆர்15 போட்டால் டயரின் விட்டம் சுமார் 704 மி.மீ.யிலிருந்து 734 ஆகும், நான்கு சதவீதத்துக்கும் மேல். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது வண்டி 83-ஐத் தாண்டி ஓடும். எல்லா கியரும் அந்த அளவுக்குக் கனத்துவிடும், ஏற்றத்தில் கிளட்ச்சுக்கு வேலை கூடும். ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து, ஹோஸிலும் ஃபெண்டரிலும் உரசுகிறதா என்று பாருங்கள். முன் பிரேக் ஹோஸில் உரசிய தடம் தெரிந்தால் அன்றே பழைய அளவுக்குத் திரும்பிவிடுங்கள், ஹோஸையும் மாற்றுங்கள்.